நீலத் துணி

ஏழு இருபதுக்கு
ஒழுங்கை முனையில் ஸ்கூட்டியை நிற்பாட்டினால்
ஆரபி என் சேர்ட் கொலரை
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.
ஒரு விரலைக் கழற்றினால்
மற்றது ஏறிப் பூட்டிக்கொள்ளும்.

ரொட்டி மாவு காயாத கையோடு
சுனேத்ரா அக்கா கேற்றைத் திறந்து வாங்கிக்கொள்வார்.
"ஒளிஞ்சு போக வேணாம்.
பாய் சொல்லிட்டுப் போங்க.
அழட்டும், பரவாயில்ல."

சொல்லிவிட்டுத்தான் போவேன்.
போவது என்றால்
அடுத்த வீட்டு மதிலோடு நின்று
அழுகைக்கு நேரம் பிடிப்பது.
முதல் கிழமை பதினொரு நிமிடம்.
செவ்விளநீர் வண்டிக்காரர் தொடக்கத்தில்
என்னைக் கள்ளனைப் போல் பார்த்தார்.
பிறகொரு நாள் கத்தியைத் துடைத்தபடி
தானாகவே சொன்னார்:
"இண்டைக்கு ஆறு."

மழை பெய்த வியாழன், நான்கு.
ஒரு காலை
ஹெல்மெட் வாரைப் பூட்ட முதலே
அழுகை நின்றுவிட்டது.
அன்றைக்குத்தான் அதிக நேரம் நின்றேன்.
பம்பலப்பிட்டிக் கண்ணாடிக் கடைக்குப் பிந்திப்போய்
முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

பின்னேரம் கூட்டிவரப் போனால்
அக்காவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிவாள்.
"ஆ, தாத்தா வந்திட்டார்!"
சிங்களத்தில் அது அப்பா.
மகளும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.
மரக்கறிக் கடையில் தாத்தா என்று கத்த
கடைக்காரர் என் தலைமயிரைப் பார்த்தார்:
"இந்த வயசிலயே பேரப்பிள்ளையோ?"
சிவகௌரி கண்ணீர் வரச் சிரித்தாள்.
சிரிப்பு முடிந்த பிறகும்
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டி கிளம்பும்போது
பின்னால் திரும்பி அக்காவிடம் சொல்வாள்:
"இன்ன, இன்ன."
இரு, போகாதே என்று அர்த்தம்.
எங்களிடமும் பழைய சொல்லொன்று உண்டு,
இன்னா.
பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதி மனப்பாடம் செய்தது:
துன்பம்.
எந்த மொழியில் சொல்கிறாள் என்று தெரியாமல்
முதல் கியரிலேயே ஓட்டுவேன்.

ஞாயிறு கடற்கரைக்குப் போகையில்
தண்டவாளக் கல்லில் விழுந்தாள்.
முழங்கால் உரிந்து இரத்தம்.
நான்கு கைகள் நீட்டியிருக்க
எங்கள் இருவருக்கும் நடுவால்
எங்கேயோ பார்த்துக் கூப்பிட்டாள்:
"அக்கா!"
நல்லகாலம், பாணந்துறை ரயில் வந்தது.
அது போய் முடியும்வரை
யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கரண்ட் போய்
பன்னிரண்டரைக்கே கடையைச் சாத்தினோம்.
சத்தம் போடாமல் போனேன்.
பாய்களில் பதினாலு பிள்ளைகள், எல்லாம் நித்திரை.
ஜன்னலோரம்
ஒரு கால் பாய்க்கு வெளியே,
மூக்கின் மேல் ஒரு நீலத் துணி.

கண்ணாடி துடைக்கிற துணி.
எங்கள் கடைப் பெயர் பாதி அழிந்தது.
தை மாதம் தொலைத்தேன் என்று
முதலாளி என் கணக்கில் எழுதிக்கொண்டது.

"மொத நாள் உங்க பொக்கட்ல இருந்து இழுத்தது,"
அக்கா குசுகுசுத்தார்.
"கழுவ விடமாட்டா. நாத்தம்.
இத குடுத்தாத்தான் எங்கிட்ட வருவா."

ஆறு நிமிடம், நான்கு நிமிடம் என்று
மதிலுக்கு இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருக்க
அந்தப் பக்கம்
என்னைக் கொடுத்துத்தான்
என்னை ஆற்றியிருக்கிறார்.

துணி ஒரு மூலையில் நூல் நூலாகப் போய்விட்டது.
புதிதொன்று கொடுத்துப் பார்த்தோம்.
மோந்தாள். எறிந்தாள்.

அதனால் இப்போது
புதுத் துணியைச் சேர்ட்டுக்குள் நெஞ்சோடு வைத்து
காலி வீதி வெயிலில் போய்வருகிறேன்.
இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
நேற்றிரவு மோந்துபார்த்து முகத்தைச் சுளித்தாள்,
எறியவில்லை.

அக்காவிடமும் ஒன்று கொடுத்திருக்கிறேன்,
இடுப்பில் செருகிக்கொண்டு
அடுப்படியில் நிற்கச் சொல்லி.
அது எங்களுக்கு,
சனி ஞாயிறுக்கு.